செரியம் செய்யாத வேலை

ஜூலை 3, திங்கள்

ஆய்வக நோட்டில் தேதி, வோல்டேஜ், மின்னோட்டம், கையெழுத்து. அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதக்கூடாது என்பது என் வழிகாட்டி பிரேமலதா மேடம் போட்ட சட்டம். ஆகவே என் எரிச்சலுக்கென்று தனி நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன். அதுதான் இது.

என் இரண்டாவது கட்டுரை பத்திரிகையிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. படித்துப் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான், பெயரைச் சொல்லமாட்டார்களாம், ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: இரும்பு நீக்கிய பொட்டாஷ் கரைசலில் இதே சோதனையைச் செய்து காட்ட முடியுமா? ஏன் முடியாது? ஆறே முக்கால் வருடமாக நான் இங்கே வேறு என்னத்தைச் செய்துகொண்டிருக்கிறேன்?

பொட்டாஷ் என்ற காரத்தைக் கரைத்த தண்ணீரில் கரண்ட் விட்டால் ஒரு பக்கம் ஹைட்ரஜன் வரும், மறு பக்கம் ஆக்ஸிஜன் வரும். ஹைட்ரஜன் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆக்ஸிஜன்தான் அடம் பிடிக்கும்; அதைக் கிளப்புவதற்குள் பாதிக் கரண்ட் வீணாகிவிடும். அந்த அடத்தைக் குறைக்கத்தான் எலக்ட்ரோடின், அதாவது கரண்ட் இறங்கும் நிக்கல் வலையின் மேல் உலோக ஆக்சைடு பூசுகிறோம். எங்கள் பூச்சு நிக்கல் ஆக்சைடு, அதில் கொஞ்சம் செரியம் என்ற இன்னொரு உலோகம். வெறும் நிக்கலைவிட இது பத்து மடங்குக்கு மேல் வேலை செய்யும். என் கண்டுபிடிப்பு. முதல் கட்டுரையில் முதல் பெயர் ப. சுயம்புக்கனி, இரண்டாவது பெயர் மேடம்.

"ஒரு வாரத்துல முடிச்சிரு கனி. ஆகஸ்டோட எனக்கு ரிட்டையர்மென்ட். செப்டம்பர் முப்பதோட உன் பதிவு முடியுது. ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய போவோம்" என்றார் மேடம்.

பட்டத்துக்கு இரண்டு கட்டுரை வேண்டும். ஒன்று வந்துவிட்டது. இந்த இரண்டாவதும் வந்துவிட்டால் முனைவர் சுயம்புக்கனி. வராவிட்டால் ஏழு வருடமும் கோவிந்தா.

ஜூலை 6, வியாழன்

இரும்பு நீக்கிய புது பொட்டாஷ் வந்துவிட்டது. பிளாஸ்டிக் பாட்டில், வெள்ளைச் சில்லுகள், கூடவே ஆயிரத்தெட்டு நிபந்தனைகள். கண்ணாடியில் வைக்காதே, இரும்புக் கரண்டியால் தொடாதே. எங்கள் ஆய்வக உதவியாளர் மிக்கேல் அண்ணன் பாட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன தங்கச்சி, புது மருமவ மாதிரில்லா பாத்துக்கிடணும் போல?"

அதைக் கரைத்து எலக்ட்ரோடை ஊறலில் போட்டுவிட்டு வந்தேன். இது எங்கள் ஆய்வக வழக்கம். புதிதாகப் பூசிய எலக்ட்ரோடை உடனே சோதிக்கமாட்டோம். ஒரு நாள் முழுக்கப் பொட்டாஷில் ஊறப்போட்ட பிறகுதான் கரண்ட். ஊறினால்தான் செரியம் விழிக்கும் என்று மேடம் முதல் வருடம் சொல்லிக்கொடுத்தார். ஏன் விழிக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நன்றாக வேலை செய்கிறபோது யார் கேள்வி கேட்பார்கள்?

வீட்டில் தண்ணீர் வந்தது. பதினான்கு குடம் பிடித்தேன். உலகத்துக்கே தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கப் போகிறவளுக்கு, வீட்டில் ஒரு குடம் பிடித்துத்தர ஆள் இல்லை.

ஜூலை 8, சனி

ஒன்பது.

நூற்றுப் பன்னிரண்டு மில்லி ஆம்பியர் வரவேண்டிய இடத்தில் ஒன்பது. கம்பி கழன்றிருக்கும் என்று பார்த்தேன். கழலவில்லை.

ஜூலை 12, புதன்

ஏழு எலக்ட்ரோடு செய்தாயிற்று. ஒன்பது, எட்டு, ஒன்பது, பத்து. பழைய பொட்டாஷில் நூறுக்குக் குறையாத சரக்கு புதுப் பொட்டாஷில் செத்த எலி மாதிரிக் கிடக்கிறது.

மேடம் என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டார்: "நிக்கல் வலைய ஒழுங்கா கழுவினியா? உலைல எத்தனை டிகிரி வச்ச? உன் கை மாறிருக்கு கனி. கடைசி நேர அவசரம்."

என் கை மாறியிருக்கிறதாம்! இந்த ஆய்வகத்தில் நானூறு எலக்ட்ரோடு பூசிய கை. கண்ணை மூடிக்கொண்டு பூசினாலும் கால் மில்லிகிராம் பிசகாது. வேறு எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், கையைச் சொல்லக்கூடாது. என் கையில் தப்பில்லை என்று நிரூபிக்காமல் நான் ஓயமாட்டேன்.

ஜூலை 14, வெள்ளி

மறுபடியும் ஒன்பது. போய்த் தொலையட்டும்.

ஜூலை 17, திங்கள்

இன்று ஒரு குறுக்கு வேலை செய்தேன். புதுப் பொட்டாஷில் செத்துக் கிடந்த அதே எலக்ட்ரோடை எடுத்து, கழுவி, பழைய பொட்டாஷ் கரைசலில் போட்டுக் கரண்ட் விட்டேன். முதல் சுற்றில் பதினைந்து. பத்தாவது சுற்றில் நாற்பது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூற்றெட்டு. செத்தது எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அப்படியானால் என் கையில் தப்பில்லை. நான் சொன்னேனே!

தப்பு பொட்டாஷில். ஆனால் சுத்தமான பொட்டாஷில் என்ன தப்பு இருக்க முடியும்? மிக்கேல் அண்ணனிடம் பழைய பொட்டாஷை எப்படிக் கரைக்கிறார் என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தான். கரைச்சு ரெண்டு நாள் வச்சா அடில செம்மண்ணு மாதிரி லேசா நிக்கும். அத அசைக்காம மேல தெளிஞ்சத ஊத்திக் குடுப்பேன். ஏன், எதும் தப்பா போச்சா?"

"எத்தன வருசமா அண்ணே செம்மண்ணு நிக்கி?"

"நான் வந்த நாள்லேருந்து நிக்கி. யாரும் கேக்கலியே தங்கச்சி."

செம்மண் நிறம் என்றால் இரும்பு. மலிவான பொட்டாஷில் துளி இரும்பு இருக்கும் என்பதும், அது நிக்கலுக்குள் புகுந்துகொண்டு வேலையைச் செய்யும் என்பதும் இந்தத் துறையில் பால்வாடிப் பாடம். எங்கள் கட்டுரையின் முன்னுரையிலேயே அதை எழுதியிருக்கிறோம், நாலு பேரை மேற்கோள் காட்டி. எழுதிவிட்டு அதே மலிவுப் பாட்டிலைத் திறந்திருக்கிறோம். தெளிந்திருந்தால் சுத்தம் என்று நினைத்துவிட்டோம்.

ஜூலை 18, செவ்வாய்

புதுப் பொட்டாஷில் இரும்பு உப்புக் கரைசல் ஒரே ஒரு துளி விட்டேன். ஒன்பது நூற்றுப் பத்தானது. சாட்சி போதும்.

இனிச் செய்யவேண்டியது ஒரே ஒரு சோதனை. செரியமே சேர்க்காத வெறும் நிக்கலை, பழைய பொட்டாஷில், ஒரு நாள் ஊறவைத்துப் பார்க்கவேண்டும். அதுவும் நூறு காட்டினால் செரியத்துக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

நாளை செய்கிறேன்.

ஜூலை 19, புதன்

தலைவலி. போகவில்லை. வடகத்துக்கு மாவு கிண்டினேன்.

ஜூலை 20, வியாழன்

இன்றும் போகவில்லை. பரணைச் சுத்தம் செய்தேன். மூன்று வருடமாகச் செய்யாத வேலை. என் பழைய ஆய்வக நோட்டுகள் ஐந்தும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைத் தூசி தட்டி அப்படியே திரும்ப வைத்தேன். பழைய நோட்டைப் பிரித்துப் பார்க்க இப்போது நேரமில்லை.

சாயங்காலம் இவர் வந்தார். என் வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி, திருச்செந்தூர் பஸ்ஸில் கண்டக்டர். மாவு காய்வதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, தண்ணியப் பிரிக்கப் போவாம வடவம் காயப்போடுத? என்ன பிரச்சினை?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். எத்தனையோ பேரிடம் டிக்கெட் கேட்ட ஆள். பொய்க்கும் மெய்க்கும் வித்தியாசம் தெரியாதா? சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

ஜூலை 22, சனி

நூற்றேழு.

வெறும் நிக்கல். செரியம் ஒரு துளிகூடக் கிடையாது. நூற்றேழு.

நாங்கள் எப்போதும் என்ன செய்வோம் என்றால், செரியம் பூசியதை ஊறவைத்துச் சோதிப்போம். ஒப்பிடுவதற்கான வெறும் நிக்கலை அன்றே செய்து அன்றே சோதித்துவிடுவோம். வெறும் நிக்கல்தானே, அதற்குப் போய் ஒரு நாளை யார் வீணாக்குவார்கள்? ஊறலில் கிடந்ததற்கு இரும்பு கிடைத்தது, ஊறாததற்குக் கிடைக்கவில்லை. இரும்பு ஓடி ஓடி உழைத்திருக்கிறது, மாலையைச் செரியத்தின் கழுத்தில் போட்டிருக்கிறோம். அதை உலகமெல்லாம் படிக்க அச்சடித்தும் விட்டோம்.

ஆய்வகக் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். கோபத்தில்தான்.

ஜூலை 25, செவ்வாய்

மேடத்திடம் எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தேன். நாலு வரைபடம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி கழற்றினார்.

"சரி. இத இப்போ தொடாத. அந்த ரிவியூவருக்கு, சுத்தமான பொட்டாஷ் கிடைக்க தாமதம், பின்னால செய்யறோம்னு எழுதிரலாம். ஆய்வேட்டுல எதிர்கால ஆய்வுன்னு கடைசி பக்கத்துல ஒரு வரி போட்டுரு. அடுத்து வர்ற ஆளு பாத்துக்கிடட்டும்."

"அடுத்து வர்ற ஆளு எத பாத்துக்கிடணும் மேடம்? நாம சொன்னது பொய்ங்கறதையா?"

"பொய்யில்ல. முழுசா தெரியாம சொன்னது. வித்தியாசம் இருக்கு."

"நேத்து வர தெரியாது. இன்னைக்குத் தெரியுமே."

"கனி, உனக்கு வயசு முப்பத்தி நாலு. ஆகஸ்ட் இருபத்தி மூணு சினாப்சிஸ். ஆய்வேடு குடுக்க அனுமதி தர்ற அந்த கமிட்டிக்கு முன்னால உக்காந்து, பேசி, கையெழுத்து வாங்கிட்டுப் போ. அப்புறம் டாக்டர்ங்கற பேரோட நின்னு இத எழுது, ஆயிரம் பேரு கேப்பான். இப்ப எழுதினா, முதப் பேப்பர் போச்சு, ரெண்டாவதும் போச்சு. உன் பதிவும் போச்சு. யாரு கேப்பா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரமே ஆய்வகத்துக்குத் திரும்பக் கூப்பிட்டு, என் மாமியாரிடம் போனில் அரைமணி நேரம் பேசிச் சம்மதிக்க வைத்தவர் இவர். கரு கலைந்தபோது இரண்டு மாதம் எனக்கு வருகை போட்டவர். அவருக்கு எதிரே உட்கார்ந்து இப்படிப் பேசும்படி ஆனதே என்றுதான் எரிச்சல்.

"யோசிச்சுச் சொல்லுதேன் மேடம்" என்று எழுந்து வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 29, சனி

இவரிடம் சொன்னேன். முழுக்கச் சொல்லவில்லை, செரியம் பொய், இரும்பு நிஜம் என்கிற மட்டும்.

"இதச் சொன்னா டாக்டர் பட்டம் போயிருமா?"

"போயிரும்."

"சொல்லாட்டி?"

"வந்துரும். பட்டம் வந்தா தாரேன்னு சொன்ன காலேஜ் வேலையும் வந்துரும்."

மீன்குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். "அப்ப சொல்லாத" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லுவன்னு தெரியும். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஆனா ஒண்ணு, இது ஒரு வாரத்துல கண்டுபிடிக்கிற விசயம்னா ஏழு வருசமா ஏன் உங்களுக்குத் தெரியல? அதத்தான் எல்லாரும் கேப்பான்" என்றார்.

உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

ஆகஸ்ட் 5, சனி

பனிமய மாதா தேர்த் திருவிழா. ஊரே தெருவில் இருக்கிறது. மிக்கேல் அண்ணன் குடும்பத்தோடு வரச்சொல்லிப் போன் செய்தார். இவர் போயிருக்கிறார். நான் பரணிலிருந்து இரண்டாம் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

2019 நவம்பர் பதினான்காம் தேதி. முதல் கட்டுரை எழுதி முடித்து, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம். அவசரத்தில் முந்தின நாள் ஒரு வெறும் நிக்கல் எலக்ட்ரோடை ஊறல் டப்பாவில் போட்டிருந்தேன். அன்று செரியம் பூசியது என்று நினைத்துச் சோதித்தேன். நூற்று நான்கு. குறித்துக்கொண்டு வெளியே எடுத்தால், வலையின் ஒரு மூலை வெட்டியிருக்கிறது. வெறும் நிக்கலுக்கு அடையாளமாக நான்தான் எப்போதும் மூலையை வெட்டுவேன். வெட்டிய மூலையைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அப்புறம் அந்த வரியைக் குறுக்கே அடித்தேன். பக்கத்தில் "டப்பா மாறிவிட்டது, கணக்கில் சேர்க்கவேண்டாம்" என்று எழுதினேன். என் கையெழுத்துதான், அழகாக இருக்கிறது.

டப்பா எதுவும் மாறவில்லை, ஊறியது வெறும் நிக்கல்தான். எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். நூற்று நான்கு என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு வேகமாக அடித்தேன். அதற்குப் பிறகு போன மாதம் வரை ஒரு தடவைகூட வெறும் நிக்கலை ஊறவைக்கவில்லை. நானூறு எலக்ட்ரோடில் ஒன்றைக்கூட. மறதியால் அப்படி நடக்காது.

இத்தனை நாளாக இந்த நோட்டில் மேடத்தின்மேல் பாய்ந்துகொண்டிருக்கிறேன், வெட்கமில்லாமல்.

ஆகஸ்ட் 9, புதன்

இரண்டாம் நோட்டை எடுத்துக்கொண்டுபோய் மேடத்தின் மேஜைமேல் வைத்தேன். அதைத் திறந்து காட்டி, குற்றம் என்னுடையது, உங்களுக்கு ஒன்றும் தெரியாது, நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்பதாக ஒரு பெரிய வசனமே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

மேடம் நோட்டைத் தொடவில்லை. அட்டையை மட்டும் பார்த்தார்.

"நவம்பர் பதினாலாந்தேதி பக்கமா?" என்றார்.

அந்தப் பக்கத்தை நானே பிரித்துப் பார்த்தேன். மாதக் கடைசியில் எல்லோருடைய நோட்டையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்தப் பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் அவர் கையெழுத்து இருக்கிறது. நான் என் வரியையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவே இல்லை.

"அன்னைக்கே பாத்துட்டீங்களா? ஏன் மேடம் என்ட்ட கேக்கல?"

"கேட்டா நீ பதில் சொல்லணும்ல."

அவரே மேலும் சொன்னார். "முப்பத்தோரு வருசம் கனி. ஓட்டை உலையும் ஒடைஞ்ச மேஜையும். வெளிநாட்டுல ஒருத்தன் நம்ம ஆய்வகத்துப் பேர எழுதினான்னா அது இந்த ஒரே பேப்பருக்காகத்தான். இருபத்திரண்டு நாள்ல வீட்டுக்குப் போறேன். போற போக்குல அத நானே கிழிக்கணுமா?"

"நீங்க கிழிக்க வேண்டாம் மேடம். நான் கிழிக்கேன்."

"உன்னால முடியாது. கமிட்டில எம்பக்கத்துல உக்காந்துட்டு முடியாது."

"அப்ப நின்னுக்கிட்டுச் சொல்லுதேன்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு ஒன்றும் கூச்சமில்லை. அழுதுவிட்டுப் போய் மூன்று வெறும் நிக்கல் எலக்ட்ரோடை ஊறப்போட்டேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

மூன்றும் நூறுக்கு மேல்.

ஆகஸ்ட் 19, சனி

மேடம் என்னிடம் பேசுவதில்லை. தேவையானதை மிக்கேல் அண்ணன் மூலம் சொல்லி அனுப்புகிறார். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரன் ஆயிட்டேன்" என்று அவர் தலையில் அடித்துக்கொள்கிறார். சினாப்சிஸுக்கு மேடம் திருத்திய ஸ்லைடுகளை அனுப்பியிருந்தார். முப்பத்தெட்டு. அதில் இரும்பு என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. நான் முப்பத்தெட்டையும் ஓரமாக வைத்துவிட்டு ஆறு செய்தேன்.

ஆகஸ்ட் 23, புதன்

முதலில் முடிவை எழுதிவிடுகிறேன்: போயிற்று. முதல் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும். இரண்டாவது தானாகவே செத்தது. கட்டுரை இல்லாமல் ஆய்வேடு கொடுக்க முடியாது. செப்டம்பர் முப்பதோடு என் பதிவு காலாவதி. வேண்டுமானால் புதிதாகப் பதிவுசெய்து முதலிலிருந்து தொடங்கலாம் என்று குழு "பரிவோடு" பரிந்துரைத்திருக்கிறது.

இனி நடந்தது. மூன்று பேர் குழு. மேடம், துறைத்தலைவர், வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அப்துல் ரவூஃப். ஐந்தாவது நிமிடமே செரியம் கதையை முடித்துவிட்டு வெறும் நிக்கலின் வரைபடத்தைப் போட்டேன். துறைத்தலைவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். ரவூஃப் சார் மட்டும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப செரியம் என்னதாம்மா செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல சார். சும்மா இருந்துச்சு."

"இரும்பு சமாசாரம் புதுசு இல்லியே. நாப்பது வருசமா சொல்லுதாங்க. இதக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஏழு வருசமா ஆச்சு?"

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கவனக்குறைவு, அனுபவமின்மை, மன்னிக்கவேண்டும் என்றால் அவர்கள் தலையாட்டியிருப்பார்கள். கால் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன, நன்றாக நினைவிருக்கிறது.

"இல்ல சார். மூணு வருசத்துலயே கண்டுபிடிச்சிட்டேன். சொல்லத்தான் நாலு வருசம் ஆயிட்டு."

இரண்டாம் நோட்டை அவர்முன் விரித்து வைத்தேன். அடித்த வரி, என் பொய், தேதி. பேனாவை விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டார். பச்சைக் கையெழுத்தையும் பார்த்திருக்கிறார். மேடம் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான் கேட்டார்: "மேடம், இது உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார் மேடம்.

ரவூஃப் சார் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் பொய்யை நான் சொல்லியாயிற்று. அடுத்தவர் பொய்யைச் சொல்ல நான் அங்கே போகவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு சண்டாளி நின்று "சொல்லுடி, சொல்லுடி" என்று கத்திக்கொண்டிருந்தாள், அதை மறைக்கவும் விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர், "எப்படி ஆச்சு?" என்றார். "எல்லாம் போச்சு" என்றேன். "சரி, சாப்பிடு" என்று இலையைப் போட்டார். கடையில் பரோட்டா வாங்கி வைத்திருந்தார். ஐந்து சாப்பிட்டேன். இவ்வளவு பசி எனக்கு எப்போது கடைசியாக வந்தது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 31, வியாழன்

மேடத்தின் விடைபெறு விழா. என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆய்வகத்தில் உட்கார்ந்து, முதல் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன், என் பெயரில் மட்டும். மைக்கில் அவரைப் புகழ்ந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவர்கள் சொன்னதெல்லாம் உண்மைதான்.

செப்டம்பர் 8, வெள்ளி

புதுப் பதிவுக்கு விண்ணப்பம் கொடுக்கப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். ஆமாம், மறுபடியும் முதலிலிருந்துதான். ரவூஃப் சார் வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்திருக்கிறார். எனக்கு நாற்பத்தொன்று ஆகும்போது முடியும். ஆகட்டுமே, நாற்பத்தொன்று எப்படியும் வரத்தானே போகிறது?

படிவத்தில் ஒரு கேள்வி: முந்தைய பதிவு பட்டமின்றி முடிந்ததற்குக் காரணம். அரை வரி இடம். கவுண்டரில் இருந்த அம்மா நல்ல மாதிரி. "குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுருங்க மேடம். பொம்பளைங்க எல்லாரும் அதத்தான் போடுவாங்க. ஒரு கேள்வியும் வராது" என்றார்.

"என் குடும்பம் ஒரு தப்பும் பண்ணலியே" என்றேன்.

அரை வரியில் அடங்காமல் ஓரத்தில் திருப்பி எழுதினேன்: "நான் வெளியிட்ட முடிவு தவறு. தவறு என்று தெரிந்தே வெளியிட்டேன். பிறகு நானே நிரூபித்தேன்." அந்த அம்மா படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"இப்படி எழுதினா பழைய கைடு கையெழுத்து இல்லாம நாங்க வாங்க முடியாது. குடும்பச் சூழ்நிலைன்னா உங்க கையெழுத்தே போதும். பேசாம அடிச்சிட்டு மாத்தி எழுதிருங்களேன்."

அடித்துவிட்டு மாற்றி எழுதவேண்டுமாம்! என்னிடமா?

நேரே பிரையண்ட் நகருக்கு ஆட்டோ பிடித்தேன். மேடம் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பதினைந்து நாளில் இளைத்திருந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானே போய் உட்கார்ந்தேன்.

"கையெழுத்து வேணும் மேடம். போடமாட்டேன்னா சொல்லிருங்க, நாளைக்கும் வருவேன். நாளான்னைக்கும் வருவேன்."

படிவத்தை வாங்கி, ஓரத்தில் கோணலாக ஓடிய என் எழுத்தைத் தலையைச் சாய்த்துப் படித்தார். எழுந்து உள்ளே போனார். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. போடமாட்டார் என்று முடிவுசெய்து, நாளை எத்தனை மணிக்கு வரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு காபியோடு வந்தார். பேனாவும் கொண்டுவந்திருந்தார். கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் பேனாவை எடுக்கவில்லை. அதன் கீழே, இருந்த கொஞ்சம் இடத்தில், நிதானமாக எழுதினார்: "2019 நவம்பரிலேயே இது எனக்கும் தெரியும். குழுவிடம் நான் சொன்னது பொய்."

தலைகீழாகப் படித்தாலும் புரிந்துவிட்டது.

"மேடம், இது வேண்டாம். எனக்குக் கையெழுத்து மட்டும் போதும்."

"உனக்காக யாரு எழுதினா?" என்று படிவத்தை என் பக்கம் தள்ளினார். "காபியக் குடி, ஆறிரும்."